12 யூரோவுக்குள் பிரெஞ்சு ஒயின்: ஒரு பயணக் குறிப்பு

செவ்வாய், பாரிஸ்

இந்தப் பயணத்துக்கு ஒரே விதி: பாட்டில் ஒன்றுக்கு 12 யூரோவுக்கு மேல் கொடுப்பதில்லை. பிரெஞ்சு ஒயின் என்றாலே பணக்காரர் சமாசாரம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. விமான நிலையக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த நினைப்பு அது. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் அடுத்த வரிசையிலேயே 3 யூரோவுக்கு ஒயின் நிற்கிறது. ஒயினுக்கான கலால் வரி பிரான்ஸில் பாட்டிலுக்குச் சில சென்ட்தான். மேலே 20 சதவீத வாட். அதனால் மலிவு என்பது சிக்கலே இல்லை. முந்நூறு பாட்டில் வரிசையாக நிற்கும்போது எதில் கை வைப்பது என்பதுதான் சிக்கல்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லா ஷப்பேலில் தங்கியிருக்கிறேன். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெரு. முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு ரெண்டு தெரு தள்ளி நடந்தால் சூப்பர்மார்க்கெட். இன்று மாலை முழுக்க அங்கேதான், லேபிள் படித்துக்கொண்டு. பாதுகாவலர் ரெண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது. ஊரின் பெயர்தான் இருக்கும். ஊரைத் தெரிந்தால் திராட்சை தெரியும் என்பது அவர்கள் கணக்கு. 300-க்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களுக்கு ஆ-ஓ-செ என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு. இப்போது ஐரோப்பிய வழக்கில் ஆ-ஓ-பே என்றும் போடுகிறார்கள். எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எந்த நிலம் என்று எல்லாமே அதில் வரையறுத்திருக்கும். அதற்கடுத்து இ-ஜே-பே: இன்னும் பெரிய வட்டாரம், விதிகள் தளர்வு, திராட்சைப் பெயரும் பெரும்பாலும் லேபிளில் இருக்கும். கடைசியில் 'வேன் து ஃப்ரான்ஸ்': நாடு மட்டும்தான் உறுதி. கடைசி வகை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஊர் விதிக்குக் கட்டுப்படப் பிடிக்காத சில நல்ல விவசாயிகளும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பெயர் வைத்துத்தான் தேட வேண்டும், புதிதாக வருபவர் அலமாரியில் கண்டுபிடிக்க முடியாது.

போர்தோ வட்டார ஒயின் வரிசைதான் நீளம். ஒவ்வொரு லேபிளிலும் ஒரு கோட்டைப் படம். 'ஷாத்தோ' என்று போட்டிருந்தால் அங்கே கோட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தகரக் கூரை போட்ட கொட்டகையாகவும் இருக்கலாம். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அன்றைய சந்தை விலையை வைத்து ஐந்து படியாகத் தரம் பிரித்தார்கள். மெதோக் பகுதி சிவப்பு ஒயின்களின் அந்தப் பட்டியல் அநேகமாக அப்படியே இருக்கிறது. 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டத்தை ரெண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏற்றியதுதான் பேசத்தக்க மாற்றம். நமக்கு அந்தப் பட்டியலோடு சம்பந்தமே இல்லை. அதில் கடைசிப் படியில் இருப்பதும் நம் 12 யூரோவுக்கு எட்டாது.

எட்டுவது எது என்றால், பக்கத்து ஊர். சேன்ட்-எமிலியோன் என்ற பெயருக்கு 12 யூரோ கொடுத்தால் அந்த ஊரின் ஆகக் கீழான சரக்கு கிடைக்கும். அதே திராட்சை, அதே மாதிரி மண், எல்லையை ஒட்டிய காஸ்தியோனில் 9 யூரோவுக்கு அந்த ஊரின் நல்ல சரக்கே கிடைக்கும். பெரிய ஊரின் மட்டமான பாட்டிலைவிடச் சின்ன ஊரின் நல்ல பாட்டில் மேல். இதை வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகப் போகிறேன்.

லேபிளில் நம்பக்கூடாத சொற்கள் சில: 'க்ரான் வேன்', 'ரெஸேர்வ்', 'வியேய் வீஞ்' (பழைய கொடி). இவை தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. தங்கப் பதக்க ஸ்டிக்கரும் அப்படித்தான். ஒரு போட்டிக்கு வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. நம்பக்கூடியது, எங்கே பாட்டிலில் அடைத்தார்கள் என்ற சின்ன எழுத்து வரி. 'ஓ தொமேன்', 'ஓ ஷாத்தோ', 'ஆ லா ப்ரோப்ரியேத்தே' என்று இருந்தால் விளைந்த இடத்திலேயே அடைத்தது. பல பாட்டில்களில் கார்க் மேல் இருக்கும் மூடித் தகட்டில் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் உருவமும் ஓர் எழுத்தும் இருக்கும். 'ஆர்' என்றால் திராட்சை வளர்த்தவரே செய்தது. 'என்' என்றால் வியாபாரி வாங்கி அடைத்தது. வியாபாரி செய்வதெல்லாம் மோசம் இல்லை. ஆனால் 8 யூரோ விலையில் ரெண்டும் பக்கத்தில் நின்றால் நான் 'ஆர்' பக்கம்.

புதன், வூவ்ரே

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், தூர் நகரம். அங்கிருந்து லுவார் ஆற்றின் வடகரை ஓரமாகப் பத்து கிலோமீட்டர். ஆற்றங்கரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை சுவர் போல நிற்கிறது. இந்தக் கல்லை வெட்டித்தான் லுவார் அரண்மனைகளைக் கட்டினார்கள். வெட்டிய குகைகள் ஒயின் கிடங்குகளாயின. உள்ளே வருடம் முழுக்க 12 டிகிரி அளவில் ஒரே குளிர்; கரன்ட் செலவில்லை.

நான் போனது ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். வீட்டு முன்பக்கம் பாறைக்கு வெளியே, சமையலறைக்குப் பின்னால் மலைக்குள்ளே. வாசலில் மணியடித்ததும் வந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ். "போன்ழூர் மதாம்" சொன்ன பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். அது சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும். குகைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, பஞ்சு கனத்துக்கு. பாட்டில் அடுக்கு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிலேட்டுத் துண்டு, அதில் சாக்பீஸால் ஆண்டு மட்டும். லேபிள் விற்கும்போதுதான் ஒட்டுவார்களாம், ஈரத்தில் நிற்காது என்பதால்.

மூன்று கோப்பை ஊற்றினார். மூன்றும் ஷெனேன் என்ற ஒரே திராட்சை. முதலாவது 'செக்': இனிப்பே இல்லை, ஆப்பிள் புளிப்பு. ரெண்டாவது 'தெமி-செக்': லேசான இனிப்பு. மூன்றாவது 'முவெல்லோ': தேன். வெயில் நன்றாக அடித்த வருடம் இனிப்பு வகை கூடும், மழை வருடம் செக் கூடும், இல்லையென்றால் நுரை ஒயினாக்கிவிடுவார்கள். லேபிளில் வூவ்ரே என்று மட்டும் பார்த்து வாங்கினால் எது வரும் என்று தெரியாது. அந்தச் சின்னச் சொல்லைத் தேட வேண்டும்.

நம் சாப்பாட்டுக்கு என்ன ஒயின் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த ரெண்டாவது கோப்பைதான். காரத்தோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் குடித்தால் நாக்கு ரெண்டு மடங்கு எரியும். ஆல்கஹால் கூடக்கூடக் காரமும் கூடத் தெரியும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் இருந்தால் காரம் அடங்கும். புளி விட்ட மீன் குழம்புக்கு வூவ்ரே தெமி-செக். அது கிடைக்காத இடத்தில் அல்ஸாஸ் ரீஸ்லிங்கோ கெவுர்ஸ்ட்ராமினரோ. அல்ஸாஸ்காரர்கள் மட்டும் லேபிளில் திராட்சைப் பெயரைப் பெரிதாகப் போடும் புண்ணியவான்கள்.

தெமி-செக் 10 யூரோ. வாங்கினேன்.

லுவார் நெடுகிலும் பக்கத்து ஊர்க் கணக்கு பலிக்கிறது. சான்செர் வெள்ளை ஒயினுக்கு 20 யூரோவைத் தாண்டிக் கேட்கிறார்கள்; அதே சொவின்யோன் திராட்சையில் தூரேன் சொவின்யோன் 7, 8 யூரோ. ஆறு கடலில் கலக்கும் நான்த் பக்கம் போனால் மஸ்காதே, அதில் 'சுர் லீ' என்று போட்டிருப்பது. நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுக்க வைத்திருந்து அடைப்பது அது. வாயில் கொஞ்சம் கனம் கூடும். பிரான்ஸில் 8 யூரோவுக்கு இவ்வளவு சுத்தமான வெள்ளை ஒயின் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழன், ஷினோன்

கோட்டை பார்த்தாயிற்று. 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து ஏழாம் சார்லஸைச் சந்தித்த இடம். மழை.

இங்கே சிவப்பு, கபர்னே ஃப்ரான். மூக்கருகே கொண்டுபோனதும் பச்சைக் குடமிளகாய் வாசம் அடிக்கிறது. பழுக்காத திராட்சையில் அது தூக்கலாக இருக்கும், நல்ல வருடத்தில் அடங்கி ராஸ்பெர்ரி முன்னால் வரும். ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது இளசாகக் குடிக்க, சுண்ணாம்புச் சரிவில் விளைந்தது சில வருடம் வைக்க. 8.50-க்குச் சரளை மண் பாட்டில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சொன்னது: அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் குடி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது கணப்பு அடுப்பு மட்டும் இருந்த குளிர் வீடுகளின் காலத்துப் பேச்சு. சென்னையின் 32 டிகிரி அறைக்கு அது சற்றும் பொருந்தாது.

வெள்ளி, போன்

லுவாரிலிருந்து பர்கண்டிக்கு ரயில் மாறி மாறி ஒரு பகல் போய்விட்டது. போன் நகரத்தின் நடுவில் பல வண்ண ஓடு வேய்ந்த பழைய மருத்துவமனை. பர்கண்டி கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலன் 1443-ல் ஏழைகளுக்காகக் கட்டியது. தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை ஒவ்வொரு நவம்பரிலும் ஏலம் விடுகிறார்கள். ஏழை மருத்துவமனை ஒயின் இன்று பணக்காரருக்குத்தான் கட்டுப்படியாகும்.

கடைக் கண்ணாடிக்குள் விலை பார்த்துவிட்டு முதல் தடவையாக என் விதி மேல் எனக்கே சந்தேகம் வந்தது. 40, 65, 120. காரணம் எளிது: நிலம் குறைவு, கேட்பவர் உலகம் முழுக்க. இங்கே பேர்பெற்ற ரொமானே-கோந்தி தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர், ஏறத்தாழ நாலரை ஏக்கர். நம் ஊரில் அது ஒரு சுமாரான தென்னந்தோப்பு.

இங்கே படிகள் நாலு: கீழே 'பூர்கோஞ்' (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்ற பொதுப் பெயர், அதற்கு மேல் கிராமப் பெயர், அதற்கு மேல் ப்ரெமியே க்ரு, உச்சியில் க்ரான் க்ரு. தி974 என்ற சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்கே சரிவு, நடுச்சரிவில்தான் உச்சிப் படித் தோட்டங்கள். கிழக்கே சமதளம், பெரும்பாலும் கீழ்ப்படி. சாலையின் நடுவில் நின்று ரெண்டு பக்கமும் பார்த்தேன். கண்ணுக்கு ஒரே செடிதான். வடிகாலும் வெயில் விழும் கோணமும் மாறுகின்றன, அவ்வளவுதான். அதற்கு விலை பத்து மடங்கு, இருபது மடங்கு.

ஓர் எச்சரிக்கை. 'கோத்தோ பூர்கினியோன்' என்று 6, 7 யூரோவுக்கு ஒரு சிவப்பு ஒயின் சூப்பர்மார்க்கெட்டில் நிற்கும். 2011-ல் வந்த பெயர் அது. பர்கண்டி என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது பினோ நுவார். இதில் பொஜொலேயில் விளைந்த காமே திராட்சையும் இருக்கலாம். காமே கெட்டதில்லை. ஆனால் காமே வேண்டுமென்றால் நாளை நான் போகும் ஊரின் பெயர் போட்டே வாங்கலாம், அது இன்னும் நன்றாக இருக்கும்.

12 யூரோவுக்குள் பர்கண்டியில் என்னதான் உண்டு? சிவப்பை மறந்துவிட வேண்டும். வெள்ளையில் ரெண்டு வழி. ஒன்று, தெற்கே மாக்கோன்: ஷார்தொனே திராட்சை, மாக்கோன்-வில்லாஜ் என்றோ ஒரு கிராமப் பெயர் சேர்த்தோ இருக்கும். இன்னொன்று அலிகோத்தே, பர்கண்டியின் ஏழை வெள்ளைத் திராட்சை. கடும் புளிப்பு என்று சொல்லி, கறுப்புத் திராட்சை போன்ற காஸிஸ் பழ லிக்கரைக் கலந்து குடிப்பது வழக்கம். திஜோன் மேயராக இருந்த பாதிரியார் கீர் விருந்தினருக்கெல்லாம் அதைக் கொடுத்துக் கொடுத்து அதன் பெயரே 'கீர்' ஆகிவிட்டது. இப்போதைய அலிகோத்தே தனியாகவே குடிக்கலாம். 11 யூரோவுக்கு ஒன்று கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மஸ்காதேயைவிட 3 யூரோ அதிகம் நன்றாக இருந்ததா என்றால் இல்லை. அந்த 3 யூரோ பர்கண்டி என்ற பெயருக்கு.

சனி, பொஜொலே

சித்தி மகன் லியோனில் படிக்கிறான். காலையில் பெல்வில் ரயில் நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். குடிக்க மாட்டான், ஓட்டுவான். ஒயின் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புது லைசென்ஸ்காரர்களுக்கு 0.2. அதனால் ஓட்டுபவர் ருசி பார்த்தால் துப்ப வேண்டும். ஓட்டாத நானும் மூன்றாவது இடத்துக்கு மேல் துப்பத்தான் செய்தேன். "துப்பிடுக்கா, மதியம் நீ நடக்கணும்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

1395-ல் பர்கண்டி கோமகன் துணிச்சல்கார ஃபிலிப், காமே செடியைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். மோசமான, துரோகச் செடி என்று திட்டியே எழுதினார். விளைச்சல் அதிகம், சுவை கம்மி என்பது குற்றச்சாட்டு. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அது உண்மையாக இருக்கலாம். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே செடி வேறு மாதிரி வந்துவிட்டது. இளஞ்சிவப்புக் கருங்கல் சிதைந்து கரடுமுரடான மணலாகக் கிடக்கிறது, செருப்புக்குள் புகுந்துவிடும். கொடிகளைப் பந்தல் கம்பியில் ஏற்றாமல் இடுப்பளவு குட்டையாக, தனித்தனிப் புதராக விட்டிருக்கிறார்கள்.

பொஜொலேயின் பெயர் கெட்டுப்போனதற்குப் பிற்காலத்திலும் ஒரு காரணம் உண்டு: 'பொஜொலே நூவோ'. அறுவடை முடிந்த சில வாரத்திலேயே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் திறக்கும் புது ஒயின். எண்பதுகளில் பெரும் கொண்டாட்டம். அவசர ஒயின், வாழைப்பழ வாசம், மறுநாள் தலைவலி என்று பின்னால் பெயர் வாங்கி, மொத்த வட்டாரமும் அந்தப் பெயரில் மாட்டிக்கொண்டது. வாங்குபவருக்கு அது லாபம். வடக்குப் பக்கம் பத்து இடங்களுக்குத் தனிப் பெயர் உண்டு: சேன்ட்-அமூர், ழுலியேனா, ஷேனா, மூலேன்-ஆ-வோன், ஃப்ளூரி, ஷிரூப்ல், மோர்கோன், ரேஞ்ஞே, புரூயீ, கோத் து புரூயீ. லேபிளில் பொஜொலே என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. இந்தப் பத்தை மனப்பாடம் செய்தால் போதும், எந்த ஊர்ச் சூப்பர்மார்க்கெட்டிலும் சிவப்பு ஒயின் கவலை தீர்ந்தது.

ஃப்ளூரியில் குன்று மேல் சின்ன மாதா கோயில். அங்கிருந்து கீழே இறங்கி மோர்கோனில் ஒரு விவசாயி வீடு. நாற்பது வயதுக்காரர், டிராக்டரை நிறுத்திவிட்டு அப்படியே கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தார். சிமென்ட் தொட்டியைக் காட்டினார், உள்சுவரெல்லாம் ஊதா. திராட்சையை நசுக்காமல் குலையோடு தொட்டியில் போட்டு மூடுவார்களாம். கரியமில வாயு நிறைந்து, ஒவ்வொரு பழத்துக்குள்ளேயும் நொதித்தல் தொடங்கும். அடியில் இருப்பவை எடை தாங்காமல் உடைந்து சாறு விடும். தோலிலிருந்து துவர்ப்பு அதிகம் இறங்காது, பழ வாசம் நிற்கும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு பிடிக்காமல் முதல் கோப்பையோடு விட்டவர்களுக்கு நான் சொல்வது, திரும்பத் தொடங்குவதாக இருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்.

அவர் ஊற்றியது ரெண்டு. ஒன்று சமதளத்துத் தோட்டம், செர்ரி, மிளகு, எளிதாக இறங்குகிறது. இன்னொன்று கோத் து பீ என்ற குன்று, கருங்கல் இல்லை, சிதைந்த நீலக் கல். கனம், கறுத்த பழம், கொஞ்சம் இரும்பு. பத்து வருடம் வைக்கலாம் என்றார். ரெண்டாவது 17 யூரோ. முதலாவது 11.50. விதி விதிதான், 11.50 பாட்டில் பையில் ஏறியது. தம்பிக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஞாயிறு, லியோன்

எல்லாம் மூடியிருக்கிறது. தம்பி ரூமில் ரசம் வைத்துச் சாப்பிட்டோம். துணி துவைத்தேன்.

திங்கள், கேரான்

காலையில் ரோன் பள்ளத்தாக்கு வழியே தெற்கே. மிஸ்த்ரால் காற்று காரை ஓரமாகத் தள்ளுகிறது. இந்தக் காற்றைத் திட்டாத ஆள் இல்லை, ஆனால் கொடியில் ஈரம் நிற்கவிடாமல் பூஞ்சையைத் தடுப்பதும் இதுதான்.

ஷாத்தோநெஃப்-து-பாப்பில் அரை மணி நேரம் நின்றோம். பதினாலாம் நூற்றாண்டில் போப்புகள் ரோமை விட்டு அவின்யோனில் இருந்தபோது இங்கே கோடைக் கோட்டை கட்டினார்கள். இன்று ஒரு சுவர் மிச்சம். தோட்டமெல்லாம் தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், மண்ணே தெரியவில்லை. பிரான்ஸின் லேபிள் சட்டத்துக்கு வித்து இங்கேதான். போலிச் சரக்கு பெருகியதால் பாரோன் லெ ருவா என்ற வழக்கறிஞர் தலைமையில் 1923-ல் விவசாயிகளே எல்லை, திராட்சை, ஆல்கஹால் அளவு எல்லாம் வகுத்தார்கள். 1935-ல் தேசிய அமைப்பு வந்தது. 1936-ல் முதல் ஆ-ஓ-செக்களில் இந்த ஊரும் ஒன்று. விதி போடுவதில் இவர்களுக்கு அலாதி ஆர்வம். 1954-ல் பறக்கும் தட்டுகள் ஊர்த் தோட்டங்களில் இறங்கக் கூடாது என்று நகராட்சி ஆணை போட்டது. இதுவரை எதுவும் இறங்கவில்லை, விதி வேலை செய்கிறது.

பாட்டில் 25 யூரோவிலிருந்து. வண்டியை எடுத்தோம்.

வடகிழக்கே போனால் படி படியாக ஊர்கள். அடியில் 'கோத் து ரோன்'. அதற்கு மேல் 'கோத் து ரோன் வில்லாஜ்'. அதற்கு மேல் அதே சொல்லோடு கிராமப் பெயர் சேர்ந்தது, செகுரே, சாப்லே, ப்ளான் து தியூ மாதிரி. உச்சியில் கிராமப் பெயர் மட்டும் தனியாக. ஜிகொந்தாஸ் 1971-ல் உச்சிக்கு ஏறியது, வக்கெராஸ் 1990-ல், கேரான் 2016-ல். ஏறிய ஊரின் விலையும் மெல்ல ஏறும். ஜிகொந்தாஸ் இப்போதே 16, 18. கேரான் இன்னும் 9, 10-க்குக் கிடைக்கிறது. இன்னும் மலிவாக வேண்டுமானால் ஏறக் காத்திருக்கும் ஊர்களைப் பார்க்கலாம். ப்ளான் து தியூவில் 7 யூரோவுக்கே நல்ல பாட்டில் இருந்தது. க்ரெனாஷ் திராட்சை முதன்மை, சிரா, மூர்வேத்ர் துணைக்கு. 14, 14.5 சதவீத ஆல்கஹால் சாதாரணம், லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிக்குப் பொருந்தும், காரக் குழம்புக்குப் பொருந்தாது.

இந்தப் பக்கத்தின் கூட்டுறவுக் கிடங்கு ஒன்றில் பார்த்ததுதான் இன்றைய நாளின் விசேஷம். நம் ஊர்க் கூட்டுறவுப் பால் சொசைட்டி மாதிரி, நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகள் திராட்சையைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள், சங்கம் ஒயினாக்கி விற்கும். விற்பனைக் கூடத்தின் மூலையில் சுவரோடு மூன்று குழாய், சிவப்பு, ரோஸே (இளஞ்சிவப்பு), வெள்ளை. நீள ரப்பர் குழாய், நுனியில் கைப்பிடி, மேலே லிட்டரும் யூரோவும் ஓடும் மீட்டர். ஒரு பெரியவர் பத்து லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனோடு வந்தார். மூடியைத் திருகி எடுத்து மோந்து பார்த்தார். கைப்பிடியைச் செருகி அழுத்தினார். நுரை கழுத்து வரை வந்ததும் விட்டுவிட்டு, அடங்கக் காத்திருந்து, மறுபடி ஒரு சொட்டு அளவு அழுத்தி விளிம்புக்குக் கொண்டுவந்தார். கேனில் காற்று இருந்தால் ஒயின் கெட்டுவிடும் என்று தம்பியிடம் விளக்கினார். லிட்டர் 2.60. வீட்டுக்குப் போனதும் பாட்டிலில் அடைத்துவிடுவாராம். கேனிலேயே வைத்தால் சில நாள்தான் தாங்கும்.

பயணிகளுக்கு அது தோதுப்படாது, ஆனால் அதே ஒயின் அட்டைப் பெட்டியில், குழாயோடு, மூன்று லிட்டர், ஐந்து லிட்டர் கிடைக்கிறது. உள்ளே பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று புகாது, திறந்த பிறகும் சில வாரம் இருக்கும். தினம் அரைக் கோப்பை குடிப்பவர்களுக்குப் பாட்டிலைவிட இதுவே புத்திசாலித்தனம். பிரெஞ்சுக்காரர்கள் வெட்கமில்லாமல் வாங்குகிறார்கள்.

நான் வாங்கியது கேரான் ஒரு பாட்டில், 9.20.

செவ்வாய், சேத்

கடைசி நாள், மத்தியதரைக்கடல். லாங்குதோக் வட்டாரம். ஒரு காலத்தில் நாட்டுக்கே மட்டச் சரக்கு சப்ளை செய்த இடம். சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயினால் விலை விழுந்து, 1907-ல் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போனில் ராணுவம் சுட்டது. அந்த வருடமே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. கூட்டுறவுக் கிடங்குகள் இந்தப் பக்கம் இத்தனை இருப்பதும் அந்தக் கால விளைவுதான்.

பேரும் புகழும் கம்மி என்பதால் இன்றைக்கும் காசுக்கு அதிகம் கிடைக்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. ஃபொஜேர், சேன்ட்-ஷினியான், மினெர்வுவா, கோர்பியேர், எல்லாம் 7-லிருந்து 11-க்குள். இ-ஜே-பே பேயி தோக் என்று இருந்தால் திராட்சைப் பெயரும் கூடவே இருக்கும். பெயர் பார்த்துப் பழகப் புதியவர்களுக்கு வசதி. நுரை ஒயின் வேண்டுமானால் லிமூ என்ற ஊர். ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலுக்குள் ரெண்டாவது முறை நொதிக்க வைப்பதுதான், ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்தது இல்லை என்பதால் 'க்ரெமான்' என்று பெயர், விலை 9, 10. கல்யாண நாள், பிறந்த நாள் என்று எதுவானாலும் கடையில் க்ரெமான் என்று கேளுங்கள். லுவார், பர்கண்டி, அல்ஸாஸ் எல்லாவற்றிலும் உண்டு.

மதியம் தோ காயல் கரையில் பூசிக் என்ற ஊரில் உட்கார்ந்தோம். காயல் முழுக்கச் சிப்பி வளர்க்கும் கட்டை வரிசை. ஒரு டஜன் சிப்பியும் பிக்பூல் து பினே என்ற வெள்ளை ஒயினும். உயரமான பச்சை பாட்டில், கண்ணாடியிலேயே அலை வடிவம் பொறித்திருக்கும். எலுமிச்சை, உப்புக் காற்று. 7 யூரோ கடையில், உணவகத்தில் 19. சிப்பியைப் பார்த்துத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிரெஞ்சு ஃப்ரை வரவழைத்தோம்.

ஊர் திரும்புபவர்களுக்கு: இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். அதாவது முக்கால் லிட்டர் பாட்டில் ரெண்டு; மூன்றாவது வைத்தால் 250 மில்லிக்கு வரி கட்ட வேண்டும். கைப்பெட்டியில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள். விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்குவதும் இந்த 2 லிட்டரில்தான் சேரும். அங்கே இருப்பது பெரும்பாலும் பெரிய பெயர், பெரிய விலை.

வாங்கியவற்றில் அலிகோத்தேயும் ஷினோனும் வழியிலேயே தீர்ந்துவிட்டன. மோர்கோனும் கேரானும் பெட்டிக்குள். வூவ்ரே தெமி-செக்கை லா ஷப்பேலில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன், அவர் நாளை இரவு நண்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிக்பூலை எடுத்துப் போகவில்லை. வருடக்கணக்கில் வைக்கும் ஒயின் இல்லை அது, இங்கேயே குடிப்பதுதான் லாபம்.